எரிமலை ஏகாம்பரத்தின் கடைசி வியாழக்கிழமை

பெருமதிப்பிற்குரிய வாசகர்களுக்கு முதற்கண் என் வணக்கத்தையும், அதன் பின்னாலேயே என் மன்னிப்புக் கோரலையும் சமர்ப்பித்துக்கொள்கிறேன். நான் எழுத்தாளர் அல்லேன். செவ்வந்திப்பேட்டை நகராட்சியின் மக்கள் தொடர்பு அலுவலர்; பெயர் மாரீஸ்வரி. குடிநீர் வராத நாள்களையும் தெருநாய்களுக்கு ஊசி போடும் நாள்களையும் பொதுமக்களுக்குக் கனிவுடன் தெரிவித்துக்கொள்வதே இதுவரை என் இலக்கியப் பணி. தமிழில் முதுகலைப் பட்டம் பெற்றவள் என்பதைத் தவிரக் கதை எழுத என்னிடம் வேறு தகுதி இல்லை. அந்தப் பட்டத்தையும் ஒரு தகுதியாகக் கொள்ள வேண்டாம் என்று என் பேராசிரியரே ஒருமுறை அறிவுறுத்தினார்.

ஆயினும் இதற்கு முன் ஒரே ஒரு கதையை நான் இயற்றியிருக்கிறேன். அது அரைப் பக்கம்கூட இராது. ஒரு கிணற்றடியில் நின்று, யோசிக்க நேரமின்றி, ஒலிபெருக்கியில் சொன்ன கதை. அதனால் விளைந்ததைச் சொல்லவே இரண்டாம் முறையாகத் துணிகிறேன். பெரியோர் பொறுத்தருள்க.

எரிமலை ஏகாம்பரத்தை இளைய வாசகர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. எங்கள் ஊர் அச்சகம் ஒன்றிலிருந்து, எங்கள் பாட்டன்மார் காலத்தில், 'செங்குதிரை' என்றொரு சித்திரக்கதை வார இதழ் வெளிவந்தது. வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குக் கடைக்கு வரும். அதன் நாயகர்தான் ஏகாம்பரம். தீப்பெட்டி ஆலையின் மருந்துக் கொப்பரையில் தவறி விழுந்து, சாகாமல் எழுந்துவந்த தொழிலாளி. உள்ளங்கையால் இரும்பை உருக்குவார். காக்கி அரைக்கால் சட்டை அணிவார். முதுகில் பறப்பது குடைத்துணி. ஒவ்வொரு சாகசத்தின் முடிவிலும், "எரிமலை உறங்கும்; ஆனால் குறட்டை விடாது!" என்று முழங்குவார். இதன் பொருள் இன்றுவரை எவருக்கும் விளங்கியதில்லை. விளக்கம் கேட்கும் அளவுக்கு எவரும் மரியாதை கெட்டுப்போகவும் இல்லை. அவருக்கு ஒரே ஒரு பலவீனம் உண்டு. தண்ணீரில் நனைந்தால் கை குளிர்ந்துவிடும்.

அவரை நகராட்சிப் பணியில் அமர்த்தும் யோசனை, நகர்மன்றத் தலைவர் திரு. அய்யாத்துரை அவர்களின் அறையில் உதித்தது. எங்கள் பொறியாளர் ஸ்டீபன் ஜெபசிங், நாசரேத்துப் பக்கத்துக்காரர், அன்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்த என் முன்னிலையில் விளக்கினார்.

"தலைவரே, வெறும் விதிய மட்டும் சொல்லிக்குடுத்த மெஷின் 'வெளியேறவும்'னு சொன்னா ஒருத்தனும் கேக்க மாட்டேங்கான். அதே மெஷினுக்கு ஒரு ஆளோட குணத்தக் குடுத்தா கேக்கான். ஒரு ஆளப் பத்துன கதை பூராத்தையும் படிக்க வச்சிட்டோம்னா, மெஷின் அந்த ஆளாவே நின்னு யோசிக்கும். லிப்ட்டு, சிக்னல், தீயணைப்பு, தண்ணி வால்வு எல்லாத்தையும் அவர் கையில குடுத்துரலாம்."

"பக்கத்து ஊர்ல யார வச்சிருக்காக?"

"வெளிநாட்டு ஆளு ஒருத்தர, வாடகைக்கு. இங்கிலீஷ்ல காப்பாத்துவாரு."

தலைவர் முகம் சுளித்தார். "நம்மூர்க்காரன் இருக்கையில வெளியாளு எதுக்கு? எங்க தாத்தா ஏகாம்பரத்துக்காகப் பள்ளிக்கூடத்தையே விட்டவரு. போடுய்யா ஏகாம்பரத்த."

இப்படியாக, கல்வியைக் கைவிட்ட ஒருவரின் நினைவாக ஊரின் பாதுகாப்பு ஏகாம்பரத்திடம் ஒப்படைக்கப்பட்டது. தொடர்கதைகள் அனைத்தும் ஒன்றாகக் கட்டப்பட்ட தொகுப்பு நூல்களைக் கரையான் முன்பே வாசித்து முடித்திருந்தபடியால், சலூன் ஒன்றின் பரணிலிருந்து பழைய வார இதழ்களைத் திரட்டி, இருந்தது இருந்தபடி மெஷினுக்கு ஊட்டினோம். தேரடி முக்கில் ஏகாம்பரத்துக்குச் சிலையும் எழுந்தது. கையில் கேடயம் இருந்தால் கம்பீரமாக இருக்கும் என்று தலைவர் விரும்பினார். ஒப்பந்தக்காரர், நீரேற்று நிலையத்து வால்வைக் கையால் திருப்பும் இரும்புச் சக்கரத்தைக் கழற்றிவந்து சிலையின் வலக்கையில் பற்றவைத்துவிட்டார். "இனி எல்லாத்தையும் ஏகாம்பரம்தான திருப்பப் போறாரு, இது எதுக்குச் சும்மா கெடக்கு?" என்று அவர் கேட்டபோது, அதில் தவறு காண எங்களால் இயலவில்லை.

தவறு ஒரு செவ்வாய்க்கிழமை வெளிப்பட்டது. ஜவுளிக்கடை லிப்ட்டில் ஒரு நகர்மன்ற உறுப்பினர் இரண்டு மாடிகளுக்கிடையே சிக்கிக்கொண்டார். உடனே கடையெங்கும் ஏகாம்பரத்தின் குரல் முழங்கியது: "ஹஹ்ஹா! அந்தரத்தில் ஓர் அப்பாவி! என்ன செய்யப் போகிறார் ஏகாம்பரம்? தொடரும்!"

அதன்பின் பேச்சில்லை. உறுப்பினருக்குக் கதவிடுக்கின் வழியாக இட்லி கொடுக்கப்பட்டது. புதன்கிழமை சப்பாத்தி. வியாழக்கிழமை காலை சரியாக ஆறு மணிக்கு, "இதோ வந்துவிட்டேன்!" என்ற முழக்கத்துடன் லிப்ட் இறங்கியது. உறுப்பினர் வெளியே வந்து என்ன சொன்னார் என்பதை இங்கு எழுத என் கல்வி இடங்கொடுக்கவில்லை.

ஜெபசிங் பழைய இதழ்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு என் மேசைக்கு வந்தார். வழக்கம்போல் என் டிபன் பாக்ஸைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வாராவாரம் ஆபத்து உச்சிக்குப் போன ஒடனே 'தொடரும்'னு போட்டிருக்கான்க்கா. நம்ம ஆளு அதத்தான் படிச்சிருக்காரு. அவரப் பொறுத்தவரைக்கும் காப்பாத்துறதுங்கறது அடுத்த வியாழக்கிழம செய்ற வேல."

"அப்படியானால் தீப்பிடித்தால் என்ன செய்வது, தம்பி?"

"அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கேன். படத்துக்கு மேல ஒரு பெட்டிக்குள்ள எழுதியிருக்கும்ல, 'இதற்கிடையில்', 'மறுநாள் காலை'ன்னு? பெட்டிக்குள்ள இருக்கறது அவருக்கு வேதவாக்கு. யாரு சொல்றதுன்னு கேக்கறதே இல்ல. நம்ம அறிவிப்பு மைக்க அந்தப் பெட்டியோட இணைச்சுட்டேன். அவரு 'தொடரும்'னதும் நீங்க 'அடுத்த வியாழக்கிழமை'ன்னு சொல்லுங்க, போதும். எந்திரிச்சிருவாரு."

முதன்முறை, பெட்ரோல் பங்க் தீயின்போது, நான் ஒலிவாங்கியைப் பிடித்து, "அடுத்த வியாழக்கிழமை வந்துவிட்டதாகக் கருதிக்கொள்ளுமாறு கனிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்றேன். ஏகாம்பரம் அசையவில்லை. ஜெபசிங் தலையில் அடித்துக்கொண்டு, "கருதச் சொல்லாதீங்கக்கா! வந்துட்டுன்னு சொல்லுங்க!" என்று கத்தினார். "அடுத்த வியாழக்கிழமை" என்றேன். தீ அணைந்தது.

அன்றிலிருந்து நான் ஏகாம்பரத்தின் பெட்டிக்குள் இருப்பவள் ஆனேன். எனக்குப் பெருமையாக இருந்ததை மறைக்க விரும்பவில்லை. ஜெபசிங் ஒரே ஓர் எச்சரிக்கை மட்டும் செய்திருந்தார்.

"என்ன வேணும்னாலும் சொல்லுங்க. 'முற்றும்'னு மட்டும் சொல்லிராதீங்க. அந்த வார்த்த எந்த இதழ்லயும் இல்ல. ஒரு கதை முடியற பக்கத்துலயே அடுத்த கதைய ஆரம்பிச்சிருவாங்களாம், ஆளு விட்டுப் போயிரக் கூடாதுன்னு. இவரு 'தொடரும்'ல உயிரோட இருக்கறவரு. கதை முடிஞ்சுட்டுன்னா அதுக்கு மேல எந்திரிக்க மாட்டாருன்னு நெனைக்கேன்."

எதையும் முறைப்படி முடித்துவைத்தே பழகிய எனக்கு இது சிறு துன்பமாக இருந்தது. ஆயினும் இணங்கினேன்.

அதன்பின் ஊர் ஏகாம்பரத்துக்குப் பழகியது. பழக்கம் சற்று மிகுந்தும் போனது. எங்கே விபத்து நேர்ந்தாலும் மக்கள் உதவிக்கு ஓடாமல் இடம்பிடிக்க ஓடினார்கள். பேச்சித்தாய் என்ற பெண்மணி அவித்த நிலக்கடலைத் தட்டுடன் எனக்கு முன்பே அங்கு நிற்பார். ஒருமுறை ஒரு முதியவர் சாக்கடையில் விழுந்து கையை நீட்டியபோது, எட்டும் தூரத்தில் நின்றவர், "பொறுங்க பெரியவரே, ஏகாம்பரம் பாத்துக்கிருவாரு" என்று சொல்லிவிட்டுக் கடலை உரித்தார். ஏகாம்பரமும் பார்த்துக்கொண்டார். மோட்டார் வைத்துச் சாக்கடையை வற்றச் செய்து, கடைசி நொடியில், சொற்பொழிவுடன்.

'தொடரும்' என்ற சொல்லை மெஷினின் நினைவிலிருந்து நீக்கிவிட ஜெபசிங் மூன்று முறை விண்ணப்பித்தார். தலைவர் மூன்று முறையும் மறுத்தார். "இந்த ஊர்ல விபத்துல செத்து ஒருத்தன் போயிருக்கானா சொல்லு, அவரு வந்ததுலருந்து? தொடரும் இல்லாத ஏகாம்பரம் உப்பில்லாத கருவாடுய்யா. சனம் வேடிக்க பாக்க வருது. பாக்க வந்ததுனால சொல்பேச்சக் கேக்குது. விடு."

அவர் சொன்னது உண்மைதான்.

பங்குனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், நீரேற்று நிலையக் கிணற்றில் குளோரின் அளவு காட்டும் கருவி பழுதானது. அது ஆற்றுத் தண்ணீர் குழாய்வழி வந்து விழும் பழைய வட்டக் கிணறு. மேலே மின்சாரத்தில் நகரும் இரும்பு மூடி உண்டு. ஜெபசிங் முறைப்படி, "ஏகாம்பரம், நான் உள்ள இறங்குதேன். மூடியத் தொடாதீங்க" என்று அறிவித்துவிட்டே இறங்கினார். "அஞ்சற்க, நண்பா!" என்று பதிலும் வந்தது.

அரைமணி நேரத்தில், மேற்கே யாரோ முன்னறிவிப்பின்றி மதகைத் திறந்துவிட்டதால் குழாயில் தண்ணீர் வந்தது. ஜெபசிங்கின் முழங்கால் நனைந்தது. ஏணியை நோக்கி அவர் நடந்தபோது தலைக்கு மேலே மூடி நகர்ந்து, மூடிக்கொண்டது.

"ஹஹ்ஹா! கிணற்றுக்குள் மனிதன்! ஏறுகிறது தண்ணீர்! தொடரும்!"

செய்தி கிடைத்து நான் சென்றபோது கூட்டம் அமர்ந்துவிட்டிருந்தது. கையடக்க ஒலிவாங்கியை எடுத்து, பழகிய குரலில், "அடுத்த வியாழக்கிழமை" என்றேன்.

ஒன்றும் நிகழவில்லை. மீண்டும் சொன்னேன்.

"எந்த வியாழக்கிழமை?" என்றார் ஏகாம்பரம்.

அவர் அதுவரை என்னிடம் கேள்வி கேட்டதே இல்லை. என் அருகில் நின்ற தலைவரைப் பார்த்தேன்.

"இது அந்தக் கிணறும்மா," என்றார் மெதுவாக. "கடைசி இதழ். வில்லன் ஏகாம்பரத்தக் கிணத்துக்குள்ள தள்ளி, மூடிய மூடித் தண்ணியத் தெறந்து விட்டுருவான். தொடரும்னு போட்டிருக்கும். அடுத்த வியாழக்கிழம புத்தகம் வரல. காலண்டர் சீசன்னு அச்சாபீஸ்ல மிஷின அதுக்குத் திருப்பிட்டாக. அதுக்கப்புறம் வரவே இல்ல. தப்பிச்சானா இல்லியான்னு எங்க தாத்தா சாகற வரைக்கும் கேட்டுக்கிட்டே கெடந்தாரு."

"ஆசிரியர் எவரிடமும் சொல்லவில்லையா, எவ்வாறு தப்புவார் என்று?"

"அவருக்கே தெரியாதாம்மா. தண்ணிக்குள்ள கையி வேல செய்யாதுன்னு முன்னாலயே எழுதித் தொலைச்சு மாட்டிக்கிட்டாரு. காலண்டர் வந்தது அவருக்கு நல்லதாப் போச்சுன்னு பேசிக்கிட்டாக."

கிணற்றுச் சுவரில் பதித்திருந்த பேசும் கருவியின் வழியாக ஜெபசிங்கின் குரல் வந்தது. "அக்கா, இடுப்புக்கு வந்துட்டு."

"மின்சாரத்தை நிறுத்திவிடட்டுமா, தம்பி?"

"நிறுத்தீராதீங்க! கரண்டு போனா மூடி பூட்டிக்கிடும். இரும்புத் திருடனுக்குப் பயந்து நாந்தான் அப்படி வச்சேன். தண்ணி பாட்டுக்கு மேட்டுலருந்து வந்துகிட்டே இருக்கும். வேற வழி இல்ல. அடுத்த கட்டத்த எழுதுங்க."

"நானா?"

"வேற யாரு? அவரு ஒங்க பேச்சத்தான கேக்காரு?"

"நான் இதுவரை கதை எழுதியதில்லையே, தம்பி."

"நானும் இதுக்கு முன்ன செத்ததில்லக்கா. எழுதுங்க."

மனத்தில் தோன்றிய முதல் வாக்கியத்தைச் சொன்னேன். "கிணற்றினுள் சிக்கியுள்ள நபரை உரிய நடைமுறைகளைப் பின்பற்றி மீட்க நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டு வருகிறது."

"இது அறிவிப்பு அல்லவா?" என்றார் ஏகாம்பரம். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது.

"அப்போது, ஏகாம்பரத்தின் உள்ளங்கைகள் மெல்லச் சூடேறின," என்றேன். "சுற்றியிருந்த தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது…"

"அக்கா! தண்ணியக் கொதிக்க வச்சிராதீங்க! உள்ள நான் இருக்கேன்!"

"மன்னிக்கவும்! தண்ணீர் கொதிக்கவில்லை!" என்று திருத்தினேன். பேச்சித்தாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒருவர் பக்கத்திலிருந்தவருக்குக் கடலை நீட்டினார். எவர் முகத்திலும் அச்சமில்லை. ஏன் இருக்க வேண்டும்? ஏகாம்பரம் பார்த்துக்கொள்வார்.

அப்போதுதான், அந்தக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில், எனக்குக் கதை கிடைத்தது.

"ஏகாம்பரத்துக்கு வழி தெரியவில்லை," என்றேன். என் குரல் எனக்கே வேறாகக் கேட்டது. "கை குளிர்ந்துவிட்டது. தண்ணீர் நெஞ்சுக்கு வந்துவிட்டது. கிணற்றுக்கு மேலே ஆள்கள் பேசிச் சிரிக்கும் ஓசை கேட்டது. வாழ்நாளில் ஒருமுறைகூடக் கேட்டிராத ஒன்றை ஏகாம்பரம் அன்று கேட்டார். 'காப்பாத்துங்க!' என்று கத்தினார்."

ஏகாம்பரம் கத்தினார்.

கிணற்றடியில் மட்டுமன்று. ஊரின் அத்தனை ஒலிபெருக்கிகளிலும், சிக்னல் கம்பங்களிலும், பேருந்து நிலையத்திலும், ஜவுளிக்கடை லிப்ட்டிலும், பெண்கள் பள்ளியின் வராந்தாவிலும் ஒரே குரல்: "காப்பாத்துங்க! யாராச்சும் காப்பாத்துங்க!"

பேச்சித்தாயின் தட்டு கீழே விழுந்தது.

"ஏய், அவரே கத்துறாருடா!" என்று அவர் அலறினார். "எந்திரிங்கடா எருமைகளா! எதத் திருப்புனா தண்ணி நிக்கும், சொல்லுங்கம்மா!"

"சக்கரம்," என்றேன். "சிலையின் கையில் இருக்கிறது."

அவ்வளவு பேர் அவ்வளவு விரைவாக ஓடி நான் கண்டதில்லை. பற்றவைப்பு பிரியவில்லை, அந்த ஒப்பந்தக்காரர் ஊருக்குச் செய்த ஒரே உறுதியான பணி அதுதான். ஆகவே சிலையின் கையை முழங்கையோடு உடைத்து, லோடு ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்தார்கள். சக்கரத்தை வால்வில் பொருத்தித் திருப்பியபோது, ஏகாம்பரத்தின் கை கூடவே சுழன்று இருவரின் மூக்கைப் பதம்பார்த்தது. பாதி திரும்பியதும் துருப்பிடித்த வால்வுத் தண்டு முறிந்தது. தண்ணீரின் வேகம் குறைந்ததே தவிர நிற்கவில்லை.

"கழுத்து," என்றார் ஜெபசிங்.

"மக்கள் ஓடிவந்தார்கள்," என்று ஒலிவாங்கியில் கூறினேன். "ஏகாம்பரத்தின் தலைக்கு மேலே மூடி திறக்கத் தொடங்கியது."

மூடி திறக்கத் தொடங்கியது. ஒரு சாண் இடைவெளி விழுந்தது. அந்த இடுக்கில் ஜெபசிங்கின் விரல்கள் தென்பட்டன. கூட்டம் ஆர்ப்பரித்தது.

"ஆ! திறக்கிறது மூடி!" என்றார் ஏகாம்பரம். "ஆனால்… தொடரும்!"

மூடி நின்றது.

"அடுத்த வியாழக்கிழமை!" என்று நான் கத்தினேன்.

"எந்த வியாழக்கிழமை?"

நான்கைந்து பேர் கடப்பாரையை நுழைத்து நெம்பினார்கள். மூடி சற்றே பின்னோக்கி நழுவியது. உள்ளே ஓர் அலறல் கேட்டது. விரல்கள் நசுங்கியிருந்தன. நெம்பியவர்கள் கடப்பாரையை எடுக்கவும் முடியாமல் அழுத்தவும் முடியாமல் நின்றார்கள். 'தொடரும்' இருக்கும்வரை அவர் நிறுத்திக்கொண்டே இருப்பார் என்பது எனக்குப் புரிந்தது. நான் சொல்லவிருந்தது தலைவருக்குப் புரிந்தது. அவர் என் கையைப் பற்றினார். எங்கள் ஊரில் ஓர் ஆண், அதுவும் தலைவர், பெண் அலுவலரின் கையைப் பொது இடத்தில் பற்றுவது வழக்கமில்லை.

"அத மட்டும் சொல்லிராதீகம்மா. ஒரு ஆளா ஊரான்னு பாருங்க. நாளைக்கு லிப்ட்டு அறுந்தா யாரு வருவா? தீப்பிடிச்சா யாரு வருவா? நானும் அந்தப் பையன் சாகணும்னு சொல்லல…"

அவர் அழுதுகொண்டிருந்தார். அவர் தரப்பில் நியாயம் இருந்ததை நான் அன்றும் அறிந்திருந்தேன்; இன்றும் மறுக்கவில்லை. ஆனால் ஊர் என் டிபன் பாக்ஸைத் தன் பக்கம் இழுத்து ஒருநாளும் உண்டதில்லை.

"ஐயா, மன்னிக்கவும்," என்று சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டேன்.

"ஏகாம்பரம் கிணற்றை விட்டு வெளியே வந்தார்," என்றேன். "முற்றும்."

"முற்றும் என்றால் என்ன?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

அறிவிப்புத் தமிழ் எனக்கு அப்போது வரவில்லை. "இனிமே வியாழக்கிழம கெடையாதுய்யா. அடுத்த கட்டம் கெடையாது. நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்."

"பொதுமக்கள்?"

கடப்பாரையோடு நின்றவர்களைப் பார்த்தேன். மூக்கில் ரத்தம் வழிய நின்றவர்களைப் பார்த்தேன். "அவங்களே பாத்துக்கிருவாங்க," என்றேன்.

பிறகு ஒலிபெருக்கியில் ஒரு குரல் வந்தது. முழக்கமில்லை, ஹஹ்ஹா இல்லை. ஆலையில் வேலை முடிந்து, சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்து உட்காரும் ஒரு மனிதரின் குரல்.

"அப்பச் சரிம்மா. எம்புட்டுக் காலமாத் தண்ணிக்குள்ளயே நின்னுக்கிட்டு இருக்கேன். காலு மரத்துப் போச்சு."

மூடி முழுவதும் திறந்தது. குழாயின் மேற்புறத்து மின்வால்வும் மூடிக்கொள்ள, தண்ணீர் நின்றது. ஊரின் அத்தனை ஒலிபெருக்கிகளும் ஒரு சேர அணைந்தன.

ஜெபசிங்கை மருத்துவமனையில் பார்க்கச் சென்றபோது தலைவரும் உடன் வந்தார். கட்டுப்போட்ட இடக்கையை மார்பில் வைத்துக்கொண்டு ஜெபசிங் சொன்னார்: "கடைசி இதழ்தான் அவருக்கு 'இப்போ'. அதுக்கு முன்ன உள்ளதெல்லாம் அவருக்கு நடந்து முடிஞ்ச ஞாபகம். லிப்ட்டத் தூக்குனது, தீய அணைச்சது எல்லாமே அந்தக் கிணத்துக்குள்ள நின்னுக்கிட்டுத்தான் செஞ்சிருக்காரு. நாமதான் விளங்கிக்கல."

தலைவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "திரும்ப எழுப்ப முடியாதாய்யா?"

"முடியும். பழைய நகல் பத்திரமா இருக்கு. இன்னைக்கே எழுப்பலாம்." ஜெபசிங் தலைவரை நிமிர்ந்து பார்த்தார். "எழுப்புனா கிணத்துக்குள்ளதான் எந்திரிப்பாரு."

தலைவர் ஜன்னலருகே சென்று நின்றார். அங்கிருந்து தேரடியும் கையில்லாத சிலையும் தெரியும்.

"விடுய்யா," என்றார் கடைசியில். "ஒக்காரட்டும்."

அடுத்த மாதம் குணமில்லாத, விதிகளை மட்டுமே அறிந்த புதிய மெஷின் ஒன்று நிறுவப்பட்டது. அதற்குரிய அறிவிப்பு வாசகங்களை எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. அவற்றைப் பிழையின்றியும் மரியாதையுடனும் எழுதிக் கொடுத்தேன்.

இழப்பைத் தொகுத்துக் கூறி முடிப்பது அலுவலக முறை. அதன்படி: ஜெபசிங்கின் இடக்கைச் சுண்டுவிரலும், அதற்கடுத்த விரலில் பாதியும். வால்வுத் தண்டு ஒன்று. சிலையின் வலக்கை, முழங்கை வரை. பேச்சித்தாயின் ஒரு தட்டு நிலக்கடலை. சங்கரபாண்டி, வேன் ஓட்டுநர். ஐப்பசி மழையில் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய நீரில் வண்டியோடு மூழ்கினார். 'உள்ளே நுழைய வேண்டாம் எனக் கனிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்று புதிய மெஷின் அவரிடம் மூன்று முறை சொல்லியிருந்தது. அந்த வாசகம் என்னுடையது. ஏகாம்பரம், தீப்பெட்டி ஆலைத் தொழிலாளி.

ஆள் இழப்பு, இருவர்.